நல்லது, மிக நல்லது, ஆகச் சிறந்தது! - பழைய மேசை நாற்காலி விற்றே 97 ஆண்டுகள் கோலோச்சிய குடும்பம்

தாத்தா காலத்து மேசை ஒன்று வீட்டில் கிடக்கிறது. கால் லேசாக ஆடுகிறது. இடத்தையும் அடைக்கிறது. "ஆசாரியை வரச் சொல்லி நல்லா இழைச்சு, புதுசா பாலிஷ் போட்டுடலாமா... இல்ல, வந்த விலைக்குத் தள்ளிவிட்டுடலாமா?" பல வீடுகளில் நடக்கிற பேச்சுதான் இது. இரண்டில் எதைச் செய்வதாக இருந்தாலும், அதற்கு முன்பு இந்தக் கதையைப் படிச்சிடுங்க.

1989-ம் ஆண்டு ஜூன் 3-ம் தேதி. நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் நிறுவனத்தின் ஏலக்கூடம். ஏலத்துக்கு வந்திருந்தது ஒரு மர மேசை. மேலே புத்தக அலமாரி, கீழே எழுதுவதற்கான சாய்வுப் பலகை, அதற்கும் கீழே இழுப்பறைகள் என எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த உயரமான மேசை. 18-ம் நூற்றாண்டில், நியூபோர்ட் என்ற சிறிய துறைமுக ஊரின் தச்சர்கள் செய்தது. விலை ஏறிக்கொண்டே போய், கடைசியில் 1 கோடியே 21 லட்சம் டாலருக்கு விற்றுப்போனது. அன்றைய மதிப்பில் நம் ஊர்ப் பணத்துக்குச் சுமார் 20 கோடி ரூபாய்! அதுவரை உலகில் எந்த மரச்சாமானும் ஏலத்தில் அந்த விலையைத் தொட்டதில்லை.

ஒரு வாடிக்கையாளருக்காக அந்த மேசையை ஏலத்தில் எடுத்தவர் ஹரால்ட் சாக். பழைய மரச்சாமான்களை வாங்கி விற்கும் 'இஸ்ரேல் சாக்' நிறுவனத்தின் தலைவர். அவருடைய அப்பா அமெரிக்காவில் வந்து இறங்கியபோது, கையில் இருந்த ஒரே சொத்து தச்சு வேலை. அங்கிருந்து இந்த ஏலக்கூடம் வரைக்கும் அந்தக் குடும்பம் எப்படி வந்தது?

உளி பிடித்த கை

இஸ்ரேல் சாக் 1883-ல் பிறந்தவர். சொந்த ஊர் இன்றைய லித்துவேனியா நாட்டில் இருக்கும் கௌனாஸ். அப்போது அது ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்தது. யூதக் குடும்பம். சின்ன வயசிலேயே தச்சு வேலை கற்றுக்கொண்டார். ஜார் மன்னரின் ராணுவத்துக்குக் கட்டாயமாக ஆள் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. யூத இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். இஸ்ரேலும் கிளம்பினார். 1903-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரம். அங்கே அவருக்குக் கிடைத்தது, பழைய மேசை நாற்காலிகளைச் சரிசெய்து கொடுக்கும் பட்டறை வேலை.

இந்த இடத்தில் கொஞ்சம் கவனிக்கணும். பழுதுபார்க்கிற ஆள், ஒரு நாற்காலியை மற்ற யாரும் பார்க்காத கோணத்தில் பார்க்கிறார். அதைக் கவிழ்க்கிறார். பிரிக்கிறார். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய தச்சர் எந்த மூட்டை எப்படி இறுக்கினார், எங்கே சிரமப்பட்டு இழைத்தார், 'யாருக்குத் தெரியப்போகுது' என்று எங்கே விட்டுவிட்டார் என்பதெல்லாம் அவர் கைக்குத் தெரிந்துவிடும். அதே பட்டறைகளில்தான் உடைந்த இரண்டு சாமான்களைச் சேர்த்து ஒன்றாக்குவது, வெறும் பலகையில் புதிதாகப் பூவேலை செதுக்கி விலை ஏற்றுவது போன்ற தில்லுமுல்லுகளும் அந்தக் காலத்தில் நடந்தன. எது அசல், எது ஒட்டுவேலை என்பது பட்டறை ஆளுக்கு அத்துப்படி.

இரண்டே வருஷம். 1905-ல் பாஸ்டனின் சார்லஸ் தெருவில் சொந்தமாகக் கடை போட்டார் இஸ்ரேல்.

சொந்த நாட்டுச் சாமானுக்கு மதிப்பில்லாத காலம்

அன்றைக்கு அமெரிக்கப் பணக்காரர்களின் மோகம் வேறு பக்கம் இருந்தது. மாளிகை கட்டினால் பிரெஞ்சு ராஜா காலத்து நாற்காலி வேண்டும், இங்கிலாந்துப் பிரபுக்கள் வீட்டு அலமாரி வேண்டும். தங்கள் ஊர்த் தச்சர்கள், நாடு பிரிட்டனின் காலனியாக இருந்தபோது செய்த சாமான்கள் பலருக்கு வெறும் 'பழசு'தான். அவற்றைத் தேடிச் சேர்த்தவர்கள் ஒரு சிறிய கூட்டம்.

காற்று மெதுவாகத் திசை மாறியது. 1909-ல் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் அமெரிக்கப் பழைய மரச்சாமான்களைப் பெரிய அளவில் கண்காட்சியாக வைத்தது. 1924-ல் அதற்கென்றே தனிப் பகுதியைத் திறந்தது. 1926-ல், ராக்ஃபெல்லர் குடும்பத்துப் பணத்தில் வில்லியம்ஸ்பர்க் என்ற பழைய ஊரையே மீட்டுக் கட்டும் வேலை தொடங்கியது.

இந்த மாற்றம் நடந்தபோது இஸ்ரேல் சாக் ஏற்கெனவே கடை விரித்து உட்கார்ந்திருந்தார். கார் உற்பத்தியாளர் ஹென்றி ஃபோர்டு 1923-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 'வேஸைட் இன்' என்ற பழைமையான சத்திரத்தை வாங்கினார். அதை அந்தக் காலத்துச் சாமான்களாலேயே நிரப்ப ஆசைப்பட்டபோது அவர் நாடியவர்களில் இஸ்ரேல் முக்கியமானவர். அடுத்து, ரசாயன நிறுவனக் குடும்பத்தைச் சேர்ந்த ஹென்றி பிரான்சிஸ் டூ பான்ட். இவருடைய வீடுதான் பிற்பாடு 1951-ல் 'வின்டர்தூர்' அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அவரும் சாக்கின் வாடிக்கையாளர்.

யோசிச்சுப் பாருங்க. ஊருக்குப் புதிதாக வந்த ஒரு யூதத் தச்சர், அமெரிக்காவின் பெரும் பணக்காரர்களிடம், "உங்க முன்னோர் செஞ்சது எவ்வளவு அருமையான வேலை தெரியுமா?" என்று எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

விழுந்த கடையும் எழுந்த மகனும்

1929 ஏப்ரலில் ஓர் ஏலம். பிலடெல்பியாவில் செய்யப்பட்ட உயரமான இழுப்பறைப் பெட்டி ஒன்று 44,000 டாலருக்குப் போனது. எடுத்தவர் டூ பான்ட். கடைசி வரை போட்டி போட்டுத் தோற்றவர் பத்திரிகை முதலாளி ஹர்ஸ்ட். அந்த விலை பழைய மரச்சாமான் உலகத்தையே வாயைப் பிளக்க வைத்தது.

ஆனால், அடுத்த ஆறே மாதத்தில் பங்குச்சந்தை சரிந்தது. பெருமந்தம் தொடங்கியது.

பழம்பொருள் வியாபாரத்தின் பலவீனம் இந்த மாதிரி நேரத்தில்தான் தெரியும். அரிசி, துணி விற்பவருக்கு விலை குறைந்தாலும் விற்பனை நடக்கும். பழம்பொருள் வியாபாரியோ தன் மொத்த முதலையும் சாமான்களில் முடக்கி வைத்திருப்பார். ஒரு நல்ல அலமாரி கண்ணில் பட்டால், வாங்க ஆள் இருக்கிறதா என்று பார்க்காமல் அப்போதே காசு கொடுத்து வாங்கினால்தான் உண்டு. பிறகு சரியான ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும். அது மாதங்களாகலாம், வருஷங்களும் ஆகலாம். வாங்குபவர்கள் ஒரே நாளில் காணாமல் போனால்? கடை நிறைய மதிப்பான சரக்கு இருக்கும், கையில் காசு இருக்காது.

சாக் கடைக்கும் அதுதான் நடந்தது. கடன் கழுத்தை நெரித்தது. அந்த நேரத்தில், கல்லூரிப் படிப்பை முடித்த கையோடு மூத்த மகன் ஹரால்ட் கடைக்குள் வந்தார். 1934-ல் தொழிலை நியூயார்க்குக்கு மாற்றினார்கள். அடுத்தடுத்து தம்பிகள் ஆல்பர்ட், ராபர்ட்டும் சேர்ந்தார்கள். அப்பாவும் மூன்று பிள்ளைகளும் ஒரே கடை, ஒரே பெயர் என்று ஆனது. பிள்ளைகள் தலையெடுத்த பிறகும் கடைப்பலகையில் அப்பா பெயரே கடைசிவரை இருந்தது.

நெருக்கடியில் விற்க முடியாத சரக்கைவிட, விற்றுப்போன நல்ல பெயர்தான் அவர்களைக் காப்பாற்றியிருக்க வேண்டும். இந்தத் தொழிலில் வாடிக்கையாளரால் சரிபார்க்க முடியாத விஷயங்கள் அதிகம். 'இது 1760-ல் செஞ்சது' என்று கடைக்காரர் சொன்னால், நம்புவதா வேண்டாமா என்பது அவர் யார் என்பதைப் பொறுத்துத்தானே!

தொழில் ரகசியத்தைப் புத்தகமாகப் போட்ட தம்பி

1950-ல் ஆல்பர்ட் சாக் ஒரு காரியம் செய்தார். அமெரிக்கப் பழைய மரச்சாமான்களின் நுட்பங்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதன் அமைப்பு ரொம்ப எளிமை. ஒரே வகைச் சாமானின் படங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்றுக்குக் கீழே 'நல்லது', அடுத்ததன் கீழே 'மிக நல்லது', மூன்றாவதன் கீழே 'ஆகச் சிறந்தது'. எது எதனால் உசத்தி என்று சின்னக் குறிப்பு. அவ்வளவுதான்!

அதுவரை பழைய மரச்சாமான் புத்தகங்கள் பெரும்பாலும் 'இது இந்தக் காலம், இந்த ஊர்' என்று அடையாளம் சொல்வதோடு நின்றுவிடும். பழசு என்றாலே எல்லாம் ஒசத்தி என்ற நினைப்பும் இருந்தது. ஆல்பர்ட் அதை உடைத்தார். பழசிலும் சுமாரான வேலை உண்டு, அருமையான வேலையும் உண்டு என்றார். இரண்டு நாற்காலியும் ஒரே வருஷத்தில், ஒரே ஊரில் செய்ததாக இருக்கலாம். ஒன்றின் கால்கள் சரியான கோணத்தில் விரிந்து, பூமியில் ஊன்றி நிற்பது போல இருக்கும். இன்னொன்றின் கால்கள் குச்சி நட்டது போல நிற்கும். முதலாவதைச் செய்தவர் கலைஞர், இரண்டாவதைச் செய்தவர் வேலைக்காரர். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சாதாரண ஆளுக்கும் இது புலப்படும்.

வியாபாரக் கண்ணோட்டத்தில் பார்த்தால் இது விபரீதம்தான். 'பார்த்தவுடன் தரம் சொல்லும் கண்'தான் அந்தக் குடும்பத்தின் மூலதனம். அதை எவரும் காசு கொடுத்து வாங்கிப் படிக்கும்படி அச்சடித்துவிட்டார்கள். போட்டிக் கடைக்காரரும் படிப்பார், ஊர் ஊராகப் போய்ச் சாமான் எடுப்பவரும் படிப்பார். அப்படியே நடந்தது. சேகரிப்பாளர்களும் வியாபாரிகளும் வேதப் புத்தகம் மாதிரி அதை வைத்துக்கொண்டார்கள். ஆனால், கடை படுக்கவில்லை. தரம் பார்க்கத் தெரிந்த வாடிக்கையாளர், ஆகச் சிறந்ததைத் தேடி அதே கடைக்குத்தான் வந்தார். 1993-ல் அந்தப் புத்தகத்தை விரிவாக்கி, மேலும் இரண்டு படிகளைச் சேர்த்தார் ஆல்பர்ட்.

இன்னொரு பழக்கமும் அவர்களுக்கு இருந்தது. கையிருப்புச் சாமான்களைப் படம் எடுத்து, வரிசை எண் கொடுத்து, விவரக் குறிப்புடன் பிரசுரங்களாக வெளியிட்டுக்கொண்டே வந்தார்கள். பிற்பாடு அவை பத்துத் தொகுதிகளாகச் சேர்ந்தன. இன்றைக்கும் ஏலப் பட்டியல்களில் ஒரு பழைய அலமாரியின் பூர்வீகத்தைச் சொல்லும்போது, 'இஸ்ரேல் சாக் நிறுவனம் வழியாக வந்தது' என்ற வரி இருந்தால் அதற்குத் தனி மரியாதை.

அசலை எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க?

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் முதலில் பார்ப்பது முன்பக்கத்தை அல்ல. அடியையும் பின்பக்கத்தையும்தான்.

*இழுப்பறையின் மூலை:* பலகைகள் கோக்கப்பட்டிருக்கும் பல் போன்ற இணைப்பைப் பார்ப்பார்கள். புறா வால் போல விரிந்திருப்பதால் 'டவ்டெயில்' என்று பெயர். கையால் வெட்டியது என்றால் ஒன்றுக்கொன்று சின்ன வித்தியாசம் இருக்கும். எல்லாம் அச்சில் வார்த்தது போல இருந்தால் இயந்திர வேலை.

*ரம்பத்தின் தடம்:* அடிப்பலகையில் நேர்கோடுகளாகத் தடம் இருந்தால் பழைய முறையில் அறுத்தது. வட்டவட்டமான கீறல் இருந்தால் வட்ட ரம்பம் புழக்கத்துக்கு வந்த 19-ம் நூற்றாண்டு அல்லது அதற்குப் பிந்தையது.

*விரலால் தடவல்:* யாருக்கும் தெரியாத அடிப்பக்கத்தைத் தச்சர் இழைப்புளியால் ஒப்புக்கு இழைத்து விட்டிருப்பார். தடவினால் மெல்லிய அலை போல மேடு பள்ளம் தட்டுப்படும்.

*வட்டம் வட்டமா?:* மரம் வருஷக்கணக்கில் காயும்போது நார் ஓடும் திசையில் சுருங்காது, குறுக்கே சுருங்கும். அதனால் பழைய வட்ட மேசையை அளந்தால் துல்லியமான வட்டமாக இருக்காது. ஒரு பக்கம் சற்றுக் குறைந்திருக்கும்.

*உள்மரம்:* வெளியே விலை உயர்ந்த மஹாகனி இருக்கும். உள்ளே இழுப்பறைக்கு உள்ளூரில் மலிவாகக் கிடைத்த மரம் இருக்கும். பாஸ்டன் பக்கம் என்றால் பெரும்பாலும் வெள்ளை பைன். வெளியில் இருப்பதைவிட உள்ளே இருக்கும் மரம்தான் ஊர்ப் பெயரைச் சொல்லும்.

*தேய்மானம்:* நாற்காலியின் முன்சட்டத்தில் கால் வைத்து வைத்துத் தேய்ந்திருக்க வேண்டும். கால் படாத இடமெல்லாம் தேய்ந்திருந்தால் யாரோ உப்புத்தாள் போட்டிருக்கிறார்கள்!

கடைசியாக, மேற்பூச்சு. காலமும் புழக்கமும் சேர்ந்து மரத்தின் மேல் ஏற்படுத்தும் அந்த ஆழ்ந்த நிறத்தை எந்த பாலிஷாலும் கொண்டுவர முடியாது. அதனால்தான் அழகுபடுத்துகிறேன் என்று சுரண்டிவிட்டுப் புதுப் பூச்சு போட்ட சாமானின் விலை பாதாளத்துக்குப் போய்விடுகிறது.

மேசைக்கு அடியில் இன்னொரு வரலாறு

1989-ல் விலைபோன அந்த மேசைக்குத் திரும்புவோம். நியூபோர்ட்டின் கோடார்ட், டவுன்சென்ட் என்ற இரண்டு தச்சர் குடும்பங்கள் தங்களுக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுத்து, தலைமுறை தலைமுறையாக ஒரே தெருப் பக்கம் வேலை செய்தவர்கள். பலகையிலேயே சிப்பி வடிவத்தைச் செதுக்குவது அவர்கள் கைமுத்திரை. இந்த மேசை அவர்கள் பாணியில் செய்தது. ராட் ஐலண்டின் பிராவிடன்ஸ் நகர வணிகர் நிக்கோலஸ் பிரவுன் வீட்டில் இருந்து, வழிவழியாக அந்தக் குடும்பத்திடமே தங்கியிருந்தது. குடும்பத்தின் பழைய வீட்டைப் பழுதுபார்க்கும் செலவுக்காகத்தான் அதை விற்றார்கள். ஒரு மேசை, ஒரு வீட்டைக் காப்பாற்றியது!

ஆனால், இந்தப் பெருமைக்குள் ஒரு கசப்பும் உண்டு. அந்தக் காலத்து மஹாகனி கரீபியக் காடுகளில் அடிமைகளாக வைக்கப்பட்ட ஆப்பிரிக்கர்களால் வெட்டப்பட்டு வந்தது. பிரவுன் சகோதரர்களின் நிறுவனம் 1764-ல் 'சாலி' என்ற கப்பலை அடிமை வாங்க ஆப்பிரிக்காவுக்கு அனுப்பியது. வாங்கப்பட்ட 196 பேரில் குறைந்தது 109 பேர் இறந்துபோனார்கள். அந்தக் குடும்பத்தின் பெயர் தாங்கிய பிரவுன் பல்கலைக்கழகமே 2006-ல் வெளியிட்ட அறிக்கையில் இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. 'ஆகச் சிறந்தது' என்ற தரம், தச்சரின் கைக்குக் கொடுக்கும் மதிப்பெண். மரம் வெட்டியவரின் கையைப் பற்றி அது எதுவும் சொல்லாது. சாமானைக் கவிழ்த்துப் பார்க்கிற பழக்கம் இருப்பவர்கள் இதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

கடை மூடியது, கண் மிஞ்சியது

இஸ்ரேல் சாக் 1959-ல் மறைந்தார். ஹரால்ட் 2000-ல் காலமானார். இரண்டு வருஷம் கழித்து, 2002-ல் கடை மூடப்பட்டது. 1905-ல் தொடங்கி 97 வருஷம். ஆல்பர்ட் 2011-ல், 96-வது வயதில் மறைந்தார்.

அந்தக் கடை மூடிய பிறகு சந்தையும் மாறிவிட்டது. இலகுவான, நவீனமான சாமான்கள் மேல் அடுத்த தலைமுறைக்கு ஆசை வந்தது. கனமான, பழுப்பு நிற மரச்சாமான்களில் நடுத்தரமானவற்றின் விலை நன்றாகவே இறங்கிப்போனது. அபூர்வமான சில மட்டும் இன்றும் பெரிய விலைக்குப் போகின்றன. ஆல்பர்ட் வகுத்த அந்தப் படிகள் இப்போது இன்னும் கறாராக வேலை செய்கின்றன என்று சொல்லலாம்.

சாக் குடும்பத்தின் ஆவணங்கள் இப்போது யேல் பல்கலைக்கழகக் கலைக்கூடத்தில் இருக்கின்றன. எந்த மேசை யாரிடமிருந்து வந்தது, யாரிடம் போனது என்று தேடும் மாணவர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் அது ஒரு களஞ்சியம். கைமாறிப்போன சாமான்கள் மெட்ரோபாலிடன், வின்டர்தூர் என்று அருங்காட்சியகங்களில் நிற்கின்றன. கடைக்கு வாரிசு என்று பார்த்தால், இவைதான்.

சரி, உங்க தாத்தா மேசைக்கு வருவோம். அதற்கு ஏலக்கூடத்தில் கோடிகள் கிடைக்கும் என்று சொல்ல வரவில்லை. ஆனால், பாலிஷ் போட ஆளைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு நாள், வீட்டில் இன்னொருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு அதை மெதுவாகக் கவிழ்த்துப் பாருங்க. இழுப்பறையை முழுசாக வெளியே இழுங்க. அடிப்பலகையைத் தடவிப் பாருங்க. யாருடைய இழைப்புளி அங்கே போனது, யார் கால் பட்டுச் சட்டம் தேய்ந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, ஒரு தாளில் எழுதி அந்த இழுப்பறைக்குள்ளேயே போட்டு வைங்க. அதற்கப்புறம் விற்பதா, வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்துக்கலாம். சுரண்டிவிட்டால் மட்டும் திரும்ப வராது!